‘ஒன்றுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தும் படபடப்பு ஏன்?

கேள்வி: எனக்கு வயது 31. இரண்டு மாதங்களுக்கு முன் பேருந்தில் போகும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. மூச்சு முட்டியது, விரல்கள் மரத்துப்போயின, உயிரே போய்விடும் என்று நினைத்தேன். இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் மூன்று முறை வந்துவிட்டது, ஒரு முறை தூக்கத்தில். இப்போது பேருந்தில் ஏறவே பயம். இது இதய நோயா, மனநோயா?

பதில்: ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. இதயத்தில் கோளாறு இல்லை என்பதுதான் அதன் பொருள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது ‘பேனிக் அட்டாக்’, அதாவது திடீரென்று வந்து தாக்கும் கடும் பீதி போலத் தெரிகிறது. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

ஆபத்து வந்தால் தப்பி ஓடுவதற்காக உடலில் ஓர் எச்சரிக்கை மணி இருக்கிறது. அது காரணமில்லாமலும் அடித்துவிடுவதுண்டு. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. மூச்சும் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்த நாளங்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும், சிலருக்கு விரல்கள் மடங்கி இறுகிக்கொள்ளும். ‘காற்று போதவில்லை’ என்று இன்னும் வேகமாக மூச்சை இழுப்பீர்கள், எல்லாம் மேலும் கூடும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். தூக்கத்தில், கெட்ட கனவே இல்லாமலும் வரலாம்.

மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. ரத்த அழுத்தம் இறங்கும்போதுதான் பெரும்பாலும் மயக்கம் வரும். இந்த நேரத்தில் அது ஏறுகிறது. அதனால் மயங்கி விழுவது அரிது.

வந்துவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் இருப்பவர்கள் ‘நல்லா மூச்சை இழுத்து விடு’ என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான், ஆனால் ஏற்கெனவே அதிகமாக இழுத்துக்கொண்டிருப்பவருக்கு அது உதவாது. கவனம் வெளிவிடும் மூச்சில் இருக்கட்டும். நான்கு எண்ணும்வரை மூக்கால் மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும்வரை வாயைக் குவித்து வெளியே. எதிரே ஒரு மெழுகுவத்தி இருந்தால் சுடர் அணையக் கூடாது, அசைந்தால் போதும், அவ்வளவு மெதுவாக. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழி வேண்டாம். வந்தது வேறு நோயாக இருந்தால் அது ஆபத்து. ‘இது பேனிக், ஏறுகிறது, இறங்கும்’ என்று சொல்லிக்கொண்டு, முடிந்தவரை அதே இடத்திலேயே இருங்கள்.

அதே இடத்தில் இருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்குக் கவலை தருவது உங்கள் படபடப்பைவிட, பேருந்தை விட்டுவிட்டதுதான். பாதியில் இறங்கிவிட்டால் உடனே நிம்மதி கிடைக்கும். ‘இறங்கியதால்தான் பிழைத்தேன்’ என்று மனம் பதிந்துகொள்ளும். இன்று பேருந்து, நாளை லிஃப்ட், பிறகு கூட்டம். இப்படியே வீட்டுக்குள் முடங்கியவர்கள் உண்டு. ஆகவே கூட்டமில்லாத நேரத்தில் ஒரே ஒரு நிறுத்தம் போய் வாருங்கள். முதலில் துணையோடு, பிறகு தனியாக. படபடப்பு வராமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வந்தாலும் உட்கார்ந்திருக்க முடிகிறது என்பதை உங்கள் உடல் தானே பார்க்க வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது என்ற பயமோ, அதற்காக எதையாவது தவிர்ப்பதோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைப் பேனிக் டிஸார்டர் என்கிறோம். இது மனநல சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும். சிபிடி எனப்படும் பேச்சுவழி சிகிச்சையில், நாற்காலியில் சுழற்றியும் ஸ்ட்ரா வழியே மூச்சுவிடச் செய்தும் அதே உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பழக்குவார்கள். பதற்றத்தைக் குறைக்கத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். தொடக்கத்தில் பதற்றம் சற்றுக் கூடலாம், பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உடனே அமைதி தரும் அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடும். பிறர் கொடுத்தால் வாங்கிப் போடவே வேண்டாம். காபியைக் குறையுங்கள். தைராய்டு பார்க்கவில்லை என்றால் பார்த்துவிடுங்கள், அது கூடினாலும் இதே படபடப்பு வரும்.

ஒன்றில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நடக்கும்போதோ படியேறும்போதோ நெஞ்சு கனப்பது, வலி தாடைக்கோ கைக்கோ பரவுவது, உண்மையிலேயே நினைவு தப்புவது, இவற்றில் எது வந்தாலும் பேனிக் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனநல மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாள் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், முதலில் உடலில் என்ன தெரிந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, அதன்பின் எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று நான்கு முறைக்கும் எழுதுங்கள். முதல் சந்திப்பிலேயே அவருக்குப் பாதி தெளிவு கிடைத்துவிடும்.