சிவப்புக் கோட்டு சிப்பாய்களுக்குப் புது பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். போன மாதம் ஒரு கார் பூட் சேலில் (வீட்டுப் பழைய சாமான்களைக் கார் டிக்கியில் வைத்து விற்கும் சந்தை) ஷூ பெட்டி நிறைய பழைய ஈயச் சிப்பாய்கள் கிடைத்தன. எல்லாம் சிவப்புக் கோட்டு. பாதிக்கு மேல் பெயின்ட் உரிந்திருக்கிறது, மூன்று பேருக்குக் கழுத்தோடு தலை போய்விட்டது, தலைகள் மட்டும் பெட்டியில் தனியாகக் கிடக்கின்றன. விற்றவர் "விக்டோரியா காலத்துச் சாமான்" என்றார். எல்லாவற்றுக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்து ஷோகேஸில் வைக்க வேண்டும் என்று பதினோரு வயது மகள் துடிக்கிறாள். எனக்கும் ஆசைதான், எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்காரர் வேறு, "நம்மைச் சுட்டவன் பொம்மைக்கு நீ பொட்டு வைக்கிறியா" என்று கேலி செய்கிறார்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வேலையாக மகள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வையுங்கள். கோபித்துக்கொள்வாள், பரவாயில்லை, அவளுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் இருப்பவற்றுக்கு மட்டும் பெயின்ட் அடிக்காதீர்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, அது ஈயம். உடம்பு மட்டுமல்ல, அந்தக் காலத்துப் பெயின்ட்டிலும் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, உரிந்ததைச் சுரண்டுவது எல்லாம் குழந்தை இருக்கும் வீட்டில் கூடவே கூடாது; தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சாப்பாட்டு மேஜையில் பரப்பக் கூடாது. இரண்டாவது, பழைய பொம்மை சேகரிப்பவர்கள் பாதி உரிந்த ஒரிஜினல் பெயின்ட்டுக்குக் கொடுக்கிற விலையை, பளபளவென்று நீங்கள் புதிதாக அடித்ததற்குக் கொடுக்கவே மாட்டார்கள். மேலே ஒரு கோட் ஏறிவிட்டால் அது வெறும் ஈயம்தான். விற்கிற எண்ணமே இல்லை என்றாலும், எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பெண் பட்டறையில் உட்கார்ந்து ஒரே இழுப்பில் போட்ட மீசையை நாம் ஏன் அழிக்க வேண்டும்?

எழுபது எண்பது என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள், அவர் பொய் சொன்னார் என்றும் நினைக்காதீர்கள். "விக்டோரியா காலம்" என்று இந்தப் பொழுதுபோக்கில் இரண்டு விதமாகச் சொல்வார்கள்: விக்டோரியா காலத்தில் செய்த பொம்மை ஒன்று, விக்டோரியா காலத்துச் சீருடை போட்ட பொம்மை இன்னொன்று. முதலாவது நிஜமாகவே அபூர்வம். உங்கள் சிப்பாயைக் கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குக் கனமாகத் தெரிந்து கையில் லேசாக இருந்து, தலையிலோ தொப்பியிலோ குண்டூசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தால் அது உள்ளீடற்ற வார்ப்பு. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரமாக இறுகியதும் நடுவில் இருப்பதை அப்படியே வெளியே கவிழ்த்துவிடுவார்கள். பொம்மைகளுக்கு இந்த முறையை லண்டனில் வில்லியம் பிரிட்டன் 1893-இல் கொண்டுவந்தார். அதுவரை சந்தையைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்களின் கனத்த பொம்மைகளைவிட ஈயம் குறைவு, விலையும் குறைவு. விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆக, ராணி உயிரோடு இருந்தபோது வெளிவந்த 'பிரிட்டன்ஸ்' (அவர் குடும்பக் கம்பெனியின் பெயர்) சிப்பாய் என்றால் ஏழெட்டு வருஷச் சரக்கு மட்டும்தான். அதே சிவப்புக் கோட்டு காவலர்களை அவர்கள் 1960-கள் வரை வார்த்துத் தள்ளினார்கள். 1966-உடன் ஈய வார்ப்பு நின்றுபோனது.

அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி பெயரோடு 'லிமிடெட்' என்று இருந்தால் 1907-க்குப் பிறகு, ஏனென்றால் அந்த வருஷம்தான் அது லிமிடெட் ஆனது. எழுத்தே இல்லாவிட்டால் உடனே குதிக்க வேண்டாம், வேறு கம்பெனிகளும் இதே அளவில் ஏகப்பட்டது செய்தன.

அப்புறம் மகளுக்கான வேலை. கரடித்தோல் தொப்பி போட்ட சிப்பாய்கள் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்துத் தொப்பிக் குஞ்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அரண்மனைக் காவலுக்கு நிற்கும் ஐந்து 'கார்ட்ஸ்' ரெஜிமென்ட்டுகளில் எது என்று அதிலேயே தெரியும். சிப்பாயின் இடது பக்கம் வெள்ளைக் குஞ்சம் என்றால் கிரெனடியர் கார்ட்ஸ், வலது பக்கம் சிவப்பு என்றால் கோல்ட்ஸ்ட்ரீம், குஞ்சமே இல்லை என்றால் ஸ்காட்ஸ், வலது பக்கம் நீலம் என்றால் ஐரிஷ், வெள்ளை–பச்சை–வெள்ளை என்றால் வெல்ஷ். நிஜச் சீருடையில் மார்புப் பட்டன்களும் அதே வரிசையில் ஒற்றையாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காக, ஐந்தைந்தாக இருக்கும். பொம்மையில் அவ்வளவு துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், குஞ்சம் போதும். ஐரிஷ் கார்ட்ஸ் தொடங்கியது 1900-இல், வெல்ஷ் கார்ட்ஸ் 1915-இல். பெட்டியில் ஒரு வெல்ஷ்காரர் அகப்பட்டால், அவராவது விக்டோரியா காலத்துச் சாமான் இல்லை என்பது அங்கேயே முடிந்தது.

தலை போன மூன்று பேரைப் பற்றிக் கவலை வேண்டாம். இதற்குப் பாட்டன் காலத்து வைத்தியம் ஒன்று இருக்கிறது: தீக்குச்சி. கழுத்து உள்ளே காலிதானே, குச்சியை அளவாக ஒடித்துக் கழுத்தில் செருகி, மேலே தலையை மாட்டிவிடுவார்கள். அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லாரும் செய்தது இதைத்தான். இன்றைக்கும் ஏலத்துக்கு வரும் சிப்பாய்களில் சிலரின் தலையை மெல்லத் திருகினால் உள்ளே குச்சி தெரியும். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் பசை போடாதீர்கள். பிறகு யாராவது ஒழுங்காகச் சரிசெய்ய நினைத்தால் கழற்ற முடிய வேண்டும்.

முக்கியமான ஒன்று, இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்த ஷூ பெட்டியிலிருந்து எல்லாரையும் வெளியே எடுங்கள். அட்டை, மரம், அதிலும் ஓக் மரம், இவற்றிலிருந்து மெல்ல மெல்ல அமில ஆவி கசியும். மூடிய இடத்தில் அது ஈயத்தைப் பிடித்தால் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூக்க ஆரம்பிக்கும். அப்படிப் பூத்த சிப்பாய் இருந்தால் தனியாகப் பிரித்து வையுங்கள். பொடியை ஊதாதீர்கள், அதுவும் விஷம்தான். மற்றவர்களைக் கொஞ்சம் காற்றோட்டம் உள்ள கண்ணாடி–இரும்பு அலமாரியில் நிறுத்துங்கள். அழகான பழைய ஓக் பீரோ இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம்.

சரி, பெயின்ட்டுக்கு வருவோம். மகளுக்குப் புது பிளாஸ்டிக் உருவங்கள் வாங்குங்கள். ஈயப் பயம் இல்லை, கெட்டுப்போனாலும் நஷ்டம் பெரிதில்லை. உங்கள் பெட்டியில் இருப்பவர்கள் 54 மில்லிமீட்டர் உயரம். இப்போது பெரும்பாலோர் அடிப்பது 28 மில்லிமீட்டர். இந்த மாதிரிச் சின்ன உருவங்கள் செய்யும் பெர்ரி சகோதரர்கள், 1877 முதல் 1885 வரை ஆப்கானிஸ்தானிலும் சூடானிலும் சண்டை போட்ட பிரிட்டிஷ் காலாட்படையைப் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டியாகவே விடுகிறார்கள். நான் அதைத்தான் சொல்வேன், ஒரு தந்திரத்துக்காக. அந்தக் காலகட்டத்தில் அவர்கள் காக்கி, சாம்பல், சிவப்பு மூன்றையும் போட்டிருந்தார்கள். கடைசியாகச் சிவப்பு போட்டுப் போரிட்டது சூடான் எல்லையில் ஜின்னிஸ் என்ற இடத்தில், 1885 டிசம்பர் 30 அன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆக ஒரே பெட்டியில் பாதிப் பேருக்குக் காக்கி, மீதிப் பேருக்குச் சிவப்பு அடித்தாலும் வரலாறு கோபித்துக்கொள்ளாது.

காக்கியில் தொடங்குங்கள். காக்கி எல்லாத் தப்பையும் மன்னிக்கும். அடி நிறம், மேலே தண்ணீராகக் கரைத்த பழுப்பு மடிப்புகளில் ஓடுகிற மாதிரி, காய்ந்ததும் மேடான இடங்களில் கொஞ்சம் வெளிர் நிறம், முடிந்தது.

சிவப்பு அப்படி இல்லை. புதிதாக வருபவர்கள் கை சுட்டுக்கொள்வது இங்கேதான். நிழலுக்குச் சிவப்போடு கறுப்பைக் கலந்தால் அழுக்காகும், வெளிச்சத்துக்கு வெள்ளையைக் கலந்தால் ரோஸாகும், பிறகு பட்டாளம் கல்யாண பேண்டு வாத்தியக் கோஷ்டி போல நிற்கும். கோட்டு முழுக்க முதலில் அடர்ந்த செம்பழுப்பு அடியுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு மடிப்புப் பள்ளங்களை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் சிவப்பு. கடைசியாகத் தோள், முழங்கை, கோட்டின் கீழ் ஓரம் ஆகிய இடங்களில் சிவப்போடு ஒரு துளி ஆரஞ்சோ முகத்துக்குப் போட்ட தோல் நிறமோ கலந்து ஒரு மெல்லிய கீற்று. ஒவ்வொரு தடவையும் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைக்க வேண்டும். தடிமனாக ஒரு கோட் அடிப்பதைவிட மெல்லியதாக இரண்டு கோட். குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைகளுக்கும் நேரடியாக வெள்ளை வேண்டாம். முதலில் மணல் கலந்த சாம்பல், அதன் நடுவில் வெள்ளை. பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே அடியில் இருக்கும் செம்பழுப்பு மயிரிழை அளவுக்குத் தெரிய விட்டால், ஒரு கை தூரத்திலிருந்து பார்க்கும்போது கோடு போட்டுப் பிரித்தது போல் இருக்கும். இந்த மயிரிழை வந்துவிட்டால் மகளுக்குக் கை வந்துவிட்டது என்று அர்த்தம்.

காலரும் மணிக்கட்டுப் பகுதியும் வேறு நிறமாக இருக்கும். 1881-க்கு முன்னால் ரெஜிமென்ட்டுக்கு ஒரு நிறம், தேடியே மண்டை காய்ந்துவிடும். 1881-இல் பிரிட்டிஷ் ரெஜிமென்ட்டுகளைச் சீர்திருத்தியதற்குப் பிறகு சுலபம்: இங்கிலாந்து, வேல்ஸ் ரெஜிமென்ட்டுகளுக்கு வெள்ளை, ஸ்காட்லாந்துக்கு மஞ்சள், அயர்லாந்துக்குப் பச்சை, 'ராயல்' பட்டம் பெற்றவற்றுக்கு நீலம். ஜின்னிஸில் டர்ஹாம் லைட் இன்ஃபன்ட்ரி இருந்தது, ஆங்கிலேய ரெஜிமென்ட், ஆகவே வெள்ளை.

தலைக்கவசத்தைப் பளிச்சென்று வெள்ளையாக விடாதீர்கள். வெயிலில் எதிரிக்குக் குறி வைக்க வசதியாக இருக்கிறதென்று சிப்பாய்களே அதைத் தேநீரில் நனைத்துச் சாயம் ஏற்றிக்கொண்டார்கள். வெளிர் பழுப்பு அடித்து, அங்கங்கே திட்டாக விடுங்கள். திட்டு இல்லாவிட்டால்தான் பொய்.

பிரைமர் (பெயின்ட் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) ஸ்ப்ரேயை மழை ஈரத்தில் வெளியே அடிக்காதீர்கள், பூஞ்சை பூத்தது போல் ஆகிவிடும். பிரஷ்ஷால் தடவும் பிரைமர் போதும். பிரஷ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பத்து மலிவு பிரஷ்ஷுக்குப் பதில், முனை கூராக நிற்கும் நல்லது ஒன்று, ஒன்றாம் நம்பர் அளவில். வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியின் சீரிஸ் 7 பிரஷ், 1866-இல் விக்டோரியா ராணிக்காகவே செய்யப்பட்டது என்று அந்தக் கம்பெனியே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்; நீர்வண்ணம் தீட்டுவது ராணிக்குப் பிடித்த பொழுதுபோக்கு. ராணியின் பிரஷ்ஷால் ராணியின் சிப்பாய்க்கு அடிக்கலாம். விலை கொஞ்சம் கூடத்தான், மகள் கைக்கு வேண்டாம், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரர். அவர் சொல்வதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இந்தப் பொம்மைகள் வெறும் விளையாட்டுச் சாமானாக விற்கவில்லை, பேரரசுக்குப் பையன்களைத் தயார் செய்தன. சின்ன வயதில் ஆயிரத்தைந்நூறு ஈயச் சிப்பாய்கள் வைத்திருந்த சர்ச்சில், அவைதான் தன் வாழ்க்கையின் போக்கையே திருப்பிவிட்டன என்று தானே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் படைகளில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவினர், இன்றைக்கும் ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைக்கப்படுபவர்கள், 1868-இல் அபிசீனியாவிலும் 1882-இல் எகிப்திலும் 1885-இல் சூடானிலும் இருந்தார்கள். விக்டோரியா காலம் முடிவதற்குள்ளேயே பிரிட்டன்ஸ் கம்பெனி மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்று ஒரு பெட்டியும் விட்டது. அது எங்காவது ஏலத்தில் கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சிவப்புக் கோட்டை எதிர்த்து நின்ற, சூடானின் மதத் தலைவர் மஹ்தியின் ஆதரவாளர்களான அன்சார் வீரர்களையும் அதே பெர்ரி சகோதரர்கள் செய்கிறார்கள். அந்தப் பெட்டியை அவர் பெயரில் வாங்கிக் கொடுங்கள். 1885 ஜனவரியில் சூடானின் கார்ட்டூம் நகரத்தைப் பிடித்தவர்கள் இவர்கள்தான். ஒட்டுப் போட்ட வெள்ளை அங்கி, ஒட்டுகளின் நிறத்தை அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: முகங்களுக்குக் கறுப்புப் பெயின்ட்டை எடுக்க விடாதீர்கள். அடர்ந்த பழுப்பில் தொடங்கி, மூக்கு, கன்ன எலும்பு, முட்டியில் செம்மண் நிறம் ஏற்ற வேண்டும். நாமே அதைத் தப்பாக அடித்தால் நன்றாக இருக்காது.

அடித்தட்டு எழுத்துகளையும் குஞ்சங்களையும் வெயில் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் காலம் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒருவரையும் கழுவ வேண்டாம்.