எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடக்க ஜிம் பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. ஜிம் காலுக்கு வலு தரும். உயரத்துக்கு உடலைப் பழக்காது. முகாம் இருக்கும் 5,364 மீட்டரில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். திடகாத்திரமானவர்களும் வேகமாக ஏறி, உயர நோயில் படுத்துவிடுவதுண்டு.

அதனால் முதலில் பயணத் திட்டத்தைப் பாருங்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின், தூங்கும் இடம் முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. வழியில் வரும் ஊர்களில், நாம்சே பஜாரில் (3,440 மீட்டர்) இரண்டு இரவு, டிங்போச்சேயில் (4,410 மீட்டர்) இரண்டு இரவு கட்டாயம். அந்த ஓய்வு நாளில் அறையில் முடங்காமல் 300–400 மீட்டர் ஏறிவிட்டு, இறங்கி வந்து தூங்குங்கள். இந்த நாட்களை மிச்சம் பிடிக்கும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம்.

மூன்று மாதம் முன்பே 6–8 கிலோ பையோடு மாடிப்படி ஏறுங்கள். இறங்கவும் பழகுங்கள், முட்டி படுத்துவது இறக்கத்தில்தான். பூட்ஸையும் அப்போதே போட்டுப் பழக்குங்கள். புதுசோடு கிளம்பினால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை 125 மி.கி. இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் முக்கியமாக.

தலைவலியோடு குமட்டல் வந்தால் மேலே ஏறாதீர்கள். யாருக்காவது நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்குங்கள்.