லினக்ஸ் லப்டொப்புக்கு எந்த இலவச ஒபிஸ் மென்பொருள்? "அன்னார்" "ஆன்னார்" ஆன கதை

கேள்வி: "பழைய லப்டொப்பில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். வேர்ட், எக்செல் மாதிரி இலவசமாக எது நல்லது? தமிழிலும் வேலை செய்ய வேண்டும், மற்றவர்கள் அனுப்பும் பைலும் திறக்க வேண்டும்."

லிப்ரே ஒபிஸ். பதில் அவ்வளவுதான், அவசரக்காரர் இதோடு போகலாம். மின்ட்டில் அது ஏற்கனவே இருக்கும், இறக்கவும் தேவையில்லை.

ஆனால் கேள்வியின் கடைசித் துண்டு இருக்கிறதே, "மற்றவர்கள் அனுப்பும் பைலும்" என்பது, அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய புண் நோகத் தொடங்கிவிட்டது. நீங்களும் என்னைப்போல வேறு ஆட்களின் எழுத்தை அடித்து, திருத்தி, பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறவர் என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் பாதியைத் தாண்டிப் படியுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் டைப்செட்டிங் செய்கிறவன். மென்பொருள் படித்தவன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் கடை. ஒரு போட்டோக்கொப்பி மெசின், ஒரு பிரிண்டர், ஒரு கொம்பியூட்டர், ஒரு லப்டொப். விண்ணப்பம், கலியாணக் காட், சனசமூக நிலையத்து ஆண்டறிக்கை எல்லாம் வரும். ஆனால் சோறு போடுவது கல்வெட்டுத்தான். இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்கள் தஞ்சாவூர்க் கோயில் சுவரை நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி முடித்து வீட்டில் சாப்பாடு கொடுக்கும்போது, வந்தவர்கள் கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். திதி வெண்பா, தேவாரம், சிவபுராணம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். அதற்குப் பெயர்தான் கல்வெட்டு.

நான் லினக்ஸுக்கு வந்தது கொள்கைக்காக இல்லை. 2022இல் வந்தேன். அந்த வருசம் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் இரண்டு மூன்று மாதத்துக்குள் 360க்குப் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் கடைக் கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்தது. புது மெசின் வாங்கும் கதைக்கே இடமில்லை. மாதாமாதம் டொலரில் காசு கட்டும் ஒபிஸும் எனக்குச் சரிவராது. அதுவரை பாவித்தது நூறு ரூபாய் சீடியில் வந்த கள்ளக் கொப்பிதான், இனி ஒளித்து என்ன. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். கம்பஸில் படிக்கும் மருமகன் வந்து மூலையில் கிடந்த லப்டொப்பில் மின்ட் போட்டுத் தந்தான். "மாமா, எல்லாம் ஒண்டுதான், ஐகன் மட்டும் வேற" என்றான். அந்த வார்த்தையை நம்பினேன்.

முதல் ஆறு மாதம் உண்மையிலேயே எல்லாம் ஒன்றுதான். கடிதம் அடித்தேன், பில் போட்டேன், குறை இல்லை. அப்புறம் அந்தக் கல்வெட்டு வந்தது.

இறந்தவர் கொக்குவில் அம்மா ஒருவர். பிள்ளைகள் மூன்று பேர், ரொறன்ரோவில் ஒருவர், சூரிச்சில் ஒருவர், கொழும்பில் ஒருவர். செத்து 25ஆம் நாள் வட்ஸ்அப்பில் மூன்று பைல் வந்தது. ரொறன்ரோ மகன் வம்சாவளியை வேர்டில் பெட்டியும் கோடுமாகக் கீறி அனுப்பியிருந்தார். சூரிச் மகள் போனில் யூனிகோட்டில், அதாவது எந்த மெசினிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீட்டில், அடித்திருந்தார். கொழும்பு மகன் பாமினி. அந்தியேட்டிக்கு ஆறு நாள். அதை ஒத்திவைக்கவும் முடியாது.

பாமினி தெரியாதவர்களுக்கு: ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த ஃபொண்ட் அது. ஜே அடித்தால் த, கே அடித்தால் ம. "தமிழ்" என்று வர ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி அடிக்க வேண்டும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் தலையில் குற்றாக ஏறும். ஃபொண்ட் இல்லாத மெசினில் கொழும்பு மகனின் அம்மா முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தார். இதை மருமகன் போனிலேயே தீர்த்துவைத்தான், ஃபொண்ட் பைலை இரண்டு தரம் தட்டி நிறுவச் சொன்னான், நிறுவினேன், தமிழ் வந்தது. எனக்கும் தெம்பு வந்துவிட்டது. வாழ்க்கை வரலாற்றை நானும் பாமினியிலேயே இருந்து அடித்தேன். இருபது வருசப் பழக்கம், கை தானாக ஓடும்.

பிழை திருத்த வந்தவர் அம்மாவின் தம்பி, இளைப்பாறிய தலைமை ஆசிரியர். சிவப்புப் பேனையோடு வாங்கில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். நாலாம் பக்கத்தில் நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதென்ன ஆன்னார்?"

பார்த்தேன். "அன்னார்" என்று பந்தி தொடங்கிய இடமெல்லாம் "ஆன்னார்". "தந்தையார்" ஓரிடத்தில் "துந்தையார்". பதினொரு வட்டம் போட்டிருந்தார், சிவப்பில்.

காரணம் இதுதான். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் லிப்ரே ஒபிஸில் இயல்பாகவே போட்டிருக்கும். அதற்கு நான் அடிப்பது தமிழ் என்று தெரியாது, ஆங்கிலம் என்றே நினைக்கும். பாமினியில் சின்ன எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. சின்ன ஜே த, பெரிய ஜே து. அது தன் கடமையைச் செய்திருக்கிறது.

இங்கேதான் லினக்ஸ்காரர் கோபிக்கப் போகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். பிழை லிப்ரே ஒபிஸில் இல்லை. வேர்டிலும் இதே சேட்டை உண்டு. கடை தொடங்கிய முதல் மாதமே அங்கே அதை நிறுத்திவைத்தேன், பிறகு நிறுத்தியதே மறந்துபோய்விட்டது. "வேர்டில் ஒரு கரைச்சலும் இல்லை" என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம், அதற்குள் வருசக்கணக்காக நானே ஒவ்வொன்றாகச் சரிசெய்து வைத்திருந்ததைத்தான். புதிதாக ஒன்றுக்கு மாறுகிறவர்கள் மென்பொருளோடு மென்பொருளை ஒப்பிடுவதில்லை. பழகிய வீட்டை, இன்றைக்கு வெள்ளையடித்த வாடகை வீட்டோடு ஒப்பிடுகிறார்கள். கருவிகள் பட்டியலில் தானியங்கித் திருத்தத்துக்குப் போய் அந்த ஒரு சரியடையாளத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது.

வம்சாவளி வேறு கதை. ரொறன்ரோவில் அழகாக இருந்த பெட்டிகள் என் திரையில் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து, சித்தப்பா ஒருவர் அத்தையின் பெட்டிக்குள் ஏறிவிட்டார். வேர்டில் கோடும் பெட்டியுமாகக் கீறியதை வேறு எதில் திறந்தாலும் இந்த அபாயம் உண்டு. அதை நம்பாமல், லிப்ரே ஒபிஸோடு வரும் டிரோ என்ற படம் கீறும் மென்பொருளில் முழுதாகத் திரும்பக் கீறினேன். இரவு இரண்டு மணி ஆனது. ரொறன்ரோவில் அப்போது பின்னேரம், அவர் உசாராக இருந்து குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது, பக்கக் கணக்கு. அச்சகத்துக்கு 32 பக்கம் என்று சொல்லியிருந்தேன். சூரிச் மகளின் பகுதியை வேறொரு விண்டோஸ் மெசினில் வேர்டில் வைத்துப் பார்த்துத்தான் அந்தக் கணக்கு. அங்கே அது விண்டோஸின் லதா ஃபொண்டில் தெரிந்தது. என்னிடம் லதா இல்லை, லோகித் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு மயிரிழை உயரம் மாறினாலும் முப்பது பக்கத்தில் அது மூன்று பக்கம் ஆகும். 35. நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்காகத்தான் போகும், ஆக 36. கூடுதல் தாளுக்கு யார் காசு கொடுப்பது என்று ஒரு சண்டை. கடைசியில் என் கையால்தான் போனது.

சரி, சண்டை என்றதும் ஒன்று சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை. அந்தக் கல்வெட்டில் பேரப்பிள்ளைகள் ஒன்பது பேர், ஒவ்வொருவர் பெயருக்குப் பின்னாலும் பட்டம், படிக்கும் பல்கலைக்கழகம், ஒருவருக்கு நீச்சல் பதக்கம்கூட. நன்றி நவிலலில் பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், முகநூலில் அனுதாபம் போட்டவர்கள் எல்லாரும் இருந்தார்கள். அம்மாவைக் கடைசி நாலு வருசம் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, இரவில் பக்கத்தில் படுத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் இல்லை. தலைமை ஆசிரியர்தான் எனக்கு இந்தக் கதை சொன்னவர். நான் வட்ஸ்அப்பில் மெதுவாகக் கேட்டேன், "இவவின் பெயரும் போடுவமா?" என்று. "அவவுக்கு நாங்கள் மாதாமாதம் காசு அனுப்பினனாங்கள் அண்ணை" என்று பதில் வந்தது. பந்தல்காரருக்குக் காசு கொடுக்கவில்லையா? விடுங்கள். டைப்செட்டிங்காரனுக்கு இதில் கதைக்க உரிமை இல்லை என்பீர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் விசயத்துக்கு வருகிறேன்.

பெயரில் ஏமாற வேண்டாம். "ஓப்பின் ஒபிஸ்" என்று தேடினால் அப்பாச்சி ஓப்பின் ஒபிஸ் வரும், பழைய ஆட்கள் அதைத்தான் சொல்லித் தருவார்கள். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஜேர்மனியில் பிறந்த ஸ்டார் ஒபிஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கி, அடுத்த வருசம் மூலநிரலை யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்துவிட்டது, அதுதான் ஓப்பின் ஒபிஸ். சன்னை ஒராக்கிள் வாங்கிய 2010இல், வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து லிப்ரே ஒபிஸைத் தொடங்கினார்கள். ஓப்பின் ஒபிஸ் பிறகு அப்பாச்சி அமைப்பின் கைக்குப் போனது, அந்தப் பக்கம் 2014இல் வந்த 4.1ஐத்தான் இன்னும் ஒட்டுப்போட்டுக் கொண்டிருக்கிறது. டொக்எக்ஸ் பைலை, அதாவது இப்போதைய வேர்ட் சேமிக்கும் வடிவை, அது திறக்கும், அந்த வடிவில் சேமிக்காது. உங்களுக்கு அது ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்ல.

ஒன்லி ஒபிஸை விட்டுவிட்டாய் என்று கீழே யாராவது எழுதுவார்கள், அதனால் இப்போதே: தெரியும். அது டொக்எக்ஸைத் தன் சொந்த வடிவமாக வைத்துக்கொண்டே வேலை செய்வதால் வேர்ட் பைல் குலையாமல் வருவதற்கு வாய்ப்புக் கூட. ஆனால் உள்ளே ஒரு பிரவுசரையே சுமந்துகொண்டு ஓடுகிறது, பழைய லப்டொப்புக்குப் பாரம். இடம் இருந்தால் இரண்டாவதாகப் போட்டுவையுங்கள். டபிள்யூபிஎஸ் பார்வைக்கு வேர்டின் தம்பி, காசு கேட்காது, ஆனால் திறந்த மூலம் இல்லை. அபிவேர்டும் நியூமெரிக்கும் இறகு மாதிரி, வீட்டுக் கணக்குக்கும் கடிதத்துக்கும் போதும். நாளைக்கு மின்ட்டும் வேண்டாம், பிரீபிஎஸ்டி அல்லது ஹைக்கு என்று இன்னும் ஒதுக்குப்புறமான ஒன்றுக்குப் போகும் ஆசை வந்தாலும் லிப்ரே ஒபிஸ் அங்கேயும் இருக்கிறது. நான் அதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

போட்டதும் முதலில் தமிழைச் சரிசெய்யுங்கள். விருப்பங்களில் மொழி அமைப்புக்குப் போனால் சிக்கலான எழுத்துமுறை என்ற பகுதி இருக்கும், அதில் தமிழைத் தெரிவுசெய்யுங்கள். லிப்ரே ஒபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபொண்ட், தமிழுக்கு வேறு ஃபொண்ட் என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கும். இது தெரியாமல் "அளவை மாற்றினேன், ஆங்கிலம் மட்டும் பெருக்குது" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன். ஆங்கில பைல்களுக்குக் கார்லிட்டோ, கலடியா என்ற இரண்டு ஃபொண்டையும் போடுங்கள். வேர்டில் வரும் கலிப்ரி, கேம்பிரியாவின் அதே அகலத்தில் செய்தவை, வரி உடையாது.

பாமினியை இன்றைக்கே விடுங்கள் என்று உபதேசிக்க எனக்கு முகமில்லை, அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் இன்னும் ஓடுகிறது, அதற்கு யூனிகோட் தமிழ் ஓடாது. ஆனால் இப்போது நான் எல்லாவற்றையும் யூனிகோட்டில், இலங்கையில் பாவிக்கும் ரெங்கநாதன் என்ற தமிழ் விசைப்பலகை முறையில் அடித்து, பிடிஎஃப் ஆக்கித்தான் கொடுக்கிறேன். எழுத்துரு பைலுக்குள்ளேயே போய்விடும், அங்கே எது இருக்கிறது இல்லை என்ற கதையே இல்லை. முதலில் அச்சகத்தில் முகத்தைச் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பழைய பாமினி பைலை மாற்ற இணையத்தில் மாற்றிகள் கிடக்கின்றன. மாற்றிய பிறகு ஒருதரம் கண்ணால் வாசியுங்கள்.

உங்களிடம் வரும் பைல்களில் மிக மோசமான மூன்றை எடுங்கள், பெட்டி கீறியது ஒன்று, பாமினி ஒன்று, பெரிய எக்செல் ஒன்று. விண்டோஸ் இருக்கும் யாரிடமாவது அவற்றைப் பிரிண்ட் எடுத்து, உங்கள் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் உடைகிறது என்று கீழே எழுதினால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரவு பத்துக்குப் பிறகு என்றால் நல்லது, பகலில் கடையில் ஆட்கள் நிற்பார்கள்.