பனியிலும் தேவதாரு பச்சையாக நிற்பது எப்படி?

மேற்கு இமயமலையில் ஏறத்தாழ 1,500 முதல் 3,200 மீட்டர் உயரத்தில் வளரும் ஊசியிலை மரம் தேவதாரு. 50 மீட்டர் வரைகூட ஓங்கி வளரும். (தேவர்களின் மரம் என்பதுதான் பெயரின் பொருள். பாகிஸ்தானின் தேசிய மரமும் இதுவே.) பனிக்காலத்தில் பல மரங்கள் மொட்டையாகிவிட, இது மட்டும் எப்படிப் பசுமையாக இருக்கிறது?

இங்கே குளிரைவிடப் பெரிய தொல்லை தாகம். சுற்றிலும் பனி குவிந்து கிடந்தாலும், மண்ணில் உள்ள நீர் உறைந்துவிட்டால் வேரால் உறிஞ்ச முடியாது. அகன்ற இலையோ வெயிலிலும் காற்றிலும் நீரை இழந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அந்த மரங்கள் இலையையே கழற்றிப் போட்டுவிடுகின்றன. தேவதாருவின் இலை மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய ஊசி. அதன்மேல் மெழுகுப் பூச்சு வேறு. ஈரத் துண்டை விரித்துப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும், இறுகச் சுருட்டி வைத்தால் மறுநாளும் ஈரமாகவே இருக்கும் இல்லையா, அதே கணக்குதான்.

இலையைக் காப்பாற்றி வைப்பதில் லாபமும் உண்டு. குளிர் தணிந்ததும், தளிர் விடும்வரை காத்திராமல் உடனே உணவு தயாரிக்கத் தொடங்கலாம். தொங்கும் கிளை நுனிகளில் பனியும் அதிகம் தங்காது, சரிந்துவிடும்.

பசுமைமாறா மரம் என்றால் இலையே உதிராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, ஒவ்வொரு ஊசியும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு விழத்தான் செய்கிறது, எல்லாம் ஒரே சமயத்தில் விழுவதில்லை, அவ்வளவுதான். மரத்தடியில் குனிந்து பாருங்கள், பழுப்பு ஊசிகள் மெத்தை போலக் கிடக்கும்.