நானோ துகளும் லேசரும் இருந்தால் கீமோ வேண்டாமா?

கேள்வி: நானோ துகளில் மருந்தை ஏற்றி லேசர் ஒளி பாய்ச்சினால், பக்கவிளைவே இல்லாமல் புற்றுநோய் போய்விடும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா? கீமோவுக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

கீமோவுக்குப் பதில் இது இல்லை. ஆனால் வீடியோ சொல்வது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. நான் டாக்டர் அல்ல. ஆய்வகத்தில் மருந்தை லிபோசோமில், அதாவது கொழுப்பாலான நுண்ணிய குமிழில், அடைக்கும் வேலையைக் கொஞ்ச காலம் செய்தவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒளி சிகிச்சை புதுசு அல்ல. 1900 வாக்கில் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயத்தில் இருந்த பாரமீசியங்கள் (ஒற்றைச் செல் நுண்ணுயிரிகள்) வெளிச்சம் பட்டால் சீக்கிரம் சாவதைக் கவனித்தார். 1903-இல் அவருடைய பேராசிரியர் டாப்பைனர், தோல் கட்டிகளில் ஈயோசின் என்ற சாயத்தைப் பூசி வெளிச்சம் காட்டிப் பார்த்தேவிட்டார். ஃபோட்டோஃப்ரின் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைக்க 1990-கள் ஆகிவிட்டன: கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு, அமெரிக்காவில் உணவுக்குழாய்ப் புற்றுக்கு.

மருந்து மட்டும் கொல்லாது, ஒளி மட்டும் கொல்லாது. ஒளியை வாங்கிய மருந்து அந்த ஆற்றலைப் பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. அப்படி முறுக்கேறிய ஆக்சிஜன், பிறந்த இடத்திலிருந்து ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாமல் அங்கேயே தாக்கி முடிந்துவிடும். கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஃபோட்டோஃப்ரின் தோலிலும் தங்கிவிடுகிறது. ஊசி போட்டபின் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. 'பக்கவிளைவே இல்லை' என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

சரி, நானோவுக்கு வருவோம். இந்த வகை மருந்துகளில் பல, தட்டையான வளைய மூலக்கூறுகள். தண்ணீரில் விட்டால் நமத்துப்போன அப்பளம் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஒளியை வாங்கியும் பயனில்லை, ஆற்றல் வெறும் சூடாக வீணாகும். அதனால்தான் கொழுப்புப் படலத்துக்குள் பிரித்து வைக்கிறோம். லெசித்தின் என்ற கொழுப்பையும் மருந்தையும் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையைச் சுழற்றியபடி வெற்றிடத்தில் ஆவியாக்கினால், கண்ணாடிச் சுவரில் மெல்லிய கரும்பச்சைப் படலம் நிற்கும். வெதுவெதுப்பான நீரை விட்டு அலசினால் படலம் உரிந்து குமிழ்களாகும். இத்தனையும் மங்கிய வெளிச்சத்தில். குழாய்களுக்கெல்லாம் அலுமினியத் தாள் போர்வை. இல்லாவிட்டால் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே மருந்து வெளுத்துவிடும்.

இப்படி லிபோசோமில் அடைத்து 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விசுடைன், புற்றுநோய்க்கு அல்ல, விழித்திரை நோய்க்கு! கையில் ஏற்றத் தொடங்கிய 15 நிமிடத்தில் கண்ணில் 83 வினாடி சிவப்பு லேசர், 5 நாள் வெயில் தவிர்ப்பு, அவ்வளவுதான். அடுத்தது அமெலூஸ், நானோ குழம்பாகச் செய்த களிம்பு. வெயிலால் தோலில் வரும் புற்றுக்கு முந்தைய செதில்களுக்குப் பூசி, சிவப்பு விளக்கு காட்டுவார்கள்.

துகள் தானாகவே புற்றுநோயைத் தேடிப் போகும் என்பதைத்தான் நான் நம்புவதில்லை. டொரண்டோ ஆய்வாளர்கள் பத்தாண்டு விலங்கு ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் கணக்குப் போட்டார்கள். செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7% மட்டுமே. கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். என் பார்வையில் துகள் மருந்தைக் கரைத்துக் கொண்டுவருகிறது, குறிபார்ப்பது ஒளிதான். ஜப்பானில் 2020-இல் தலை, கழுத்துப் புற்றுக்கு அனுமதியான அக்காலக்ஸ் மருந்தில் துகளே கிடையாது, ஒளியுணர் சாயத்தை ஆன்டிபாடியில், அதாவது புற்றுச் செல்லில் ஒட்டும் புரதத்தில், கட்டியிருக்கிறார்கள். தங்கம் பூசிய நானோ ஓடுகளைப் புராஸ்டேட்டில் சோதித்ததும் உண்டு, ஆனால் அது சூட்டால் கொல்லும் வேறு வழி.

ஒளிக்கும் எல்லை உண்டு. சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை உருப்படியாக வேலை செய்யும். எலியின் தோலுக்கடியில் வளர்த்த கட்டிக்கு அது தாராளம். வீடியோவில் காட்டுகிற 'முழுமையாகக் கரைந்த' கட்டிகள் பெரும்பாலும் அந்த எலிகளுடையவை. மனிதரில் தோல், உணவுக்குழாய், மூச்சுக்குழாய் என்று ஒளியிழை போய்ச் சேரும் இடத்தில், பரவாத கட்டி என்றால் டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். கல்லீரலுக்கும் எலும்புக்கும் பரவிவிட்டால் எந்த லேசரும் ஒவ்வொன்றாகத் துரத்திப் போக முடியாது. அங்கே ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகும் மருந்துதான் வேண்டும், அதாவது நீங்கள் விடலாமா என்று கேட்கும் கீமோ போன்றவை.