மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் சர்வர்) சர்வீஸ் ஸ்டார்ட் ஆகவில்லை, 1067 என்று பிழை வருகிறது. அன்இன்ஸ்டால் செய்துவிட்டு மறுபடி போடலாமா?

வேண்டாம், குறைந்தபட்சம் இன்றைக்கு வேண்டாம். நேற்று வரை ஓடியது, கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து மறுபடி எழுந்த பிறகுதான் இப்படி, பேக்கப் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டேபிள்கள் பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியேதான் இருக்கும். "இந்த ஃபைலை அழித்தால் சரியாகிவிடும்" என்று இணையத்தில் கிடைக்கும் யோசனைகளுக்குத்தான் இப்போது பயப்பட வேண்டும்.

முதல் வேலை, சர்வீஸ் நின்றிருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை முழுசாக வேறு டிரைவுக்குக் காப்பி எடுப்பது. விண்டோஸில் நேரடியாகப் போட்டிருந்தால் சி டிரைவில் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் தேடுங்கள். அது மறைந்திருக்கும், ஹிடன் ஃபைல்களைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். எக்ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு) என்றால் அதன் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் டேட்டாபேஸ் பெயரில் உள்ள ஃபோல்டரை மட்டும் எடுத்தால் போதாது. அதற்கு வெளியே ஐபிடேட்டா1 என்று ஒரு ஃபைல் இருக்கும், இன்னோடிபிக்கு (டேபிள்களைச் சேமிக்கும் இன்ஜின்) அது அவசியம். 8.0 பதிப்பிலிருந்து மைஎஸ்க்யூஎல்.ஐபிடி என்று இன்னொன்றும் உண்டு. பழைய பதிப்புகளிலும் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியிலும் ஐபிடேட்டா1 போய்விட்டால், லிஸ்ட்டில் டேபிள் பெயர் தெரியும், திறந்தால் 'இன்ஜினில் இல்லை' என்று பதில் வரும். இதைப் பார்த்து உடைந்துபோனவர்கள் நிறைய.

சரி, காப்பி எடுத்தாயிற்று. அடுத்தது எரர் லாக். 1067 என்பது விண்டோஸ் சொல்வது. ப்ராசஸ் நின்றுவிட்டது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை. காரணம் டேட்டா ஃபோல்டரில் கம்ப்யூட்டர் பெயரோடு, .இஆர்ஆர் என்று முடியும் ஃபைலில் இருக்கும். எக்ஸாம்பில் அதன் பெயர் மைஎஸ்க்யூஎல்_எரர்.லாக். நோட்பேடில் திறந்து கடைசிக்குப் போனால் 'அபார்ட்டிங்' என்றோ 'ஷட்டவுன் கம்ப்ளீட்' என்றோ நிற்கும். அதைக் காப்பி செய்து கூகுளில் தேடிப் பயனில்லை, எந்தக் கோளாறிலும் கடைசி வரி அதுதான். அங்கிருந்து மேலே போய், இந்த முறை ஸ்டார்ட் செய்த நேரத்துக்குப் பிறகு முதன்முதலாக 'எரர்' என்று வரும் வரியைப் பிடியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

அந்த வரியில் 3306 போர்ட் (இணைப்புகளுக்காக மைஎஸ்க்யூஎல் வழக்கமாகக் காத்திருக்கும் எண்) பற்றிப் பேச்சு இருந்தால் நிம்மதி, டேட்டாவுக்கு ஒன்றும் இல்லை. பெரும்பாலும் வேறொரு மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. தனியாக ஒன்று, எக்ஸாம்போடு ஒன்று என இரண்டு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும். நெட்ஸ்டாட் கட்டளையில் 3306-க்கு எதிரே வரும் ப்ராசஸ் எண்ணை டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஆள் சிக்கிவிடும். 'அன்னோன் வேரியபிள்' என்றால் மை.ஐஎன்ஐ என்ற செட்டிங்ஸ் ஃபைலில் இந்தப் பதிப்புக்குத் தெரியாத அமைப்பு ஏதோ இருக்கிறது; க்வெரி கேஷ் (தேடல் முடிவுகளை நினைவில் வைக்கும் வசதி) அமைப்புகள் 8.0-ல் நீக்கப்பட்டவை, பழைய மை.ஐஎன்ஐயை அப்படியே கொண்டுவந்தால் இந்த இடத்தில் நின்றுவிடும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

லாக்கில் புதிதாக ஒரு வரிகூட இல்லையா? அப்படியானால் லாக்கைத் திறக்கும் முன்பே நின்றிருக்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைஎஸ்க்யூஎல்டி என்ற சர்வர் புரோகிராமை அதே மை.ஐஎன்ஐயைக் காட்டி, கன்சோல் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். பிழை திரையிலேயே வரும்.

உங்கள் விஷயத்தில் திடீரென்று அணைந்திருப்பதால் எனக்கு இரண்டு சந்தேகம். எக்ஸாம்பில் இருப்பது உண்மையில் மரியாடிபி. அங்கே 'ஆரியா ரெக்கவரி ஃபெயில்டு' என்ற வரி இருந்தால், என்ன செய்வது என்று லாக்கே சொல்லிவிடும்: ஆரியா (மரியாடிபியின் இன்னொரு இன்ஜின்) டேபிள்களை ஆரியா_சிஎச்கே என்ற கருவி கொண்டு ரிப்பேர் செய்து, ஆரியா_லாக் என்று தொடங்கி எண்களில் முடியும் ஃபைல்களை நீக்க வேண்டும். உங்கள் டேபிள்கள் இன்னோடிபி என்றால் அவை இதில் தொடப்படுவதே இல்லை. எக்ஸாம்பின் பேக்கப் ஃபோல்டரை எடுத்து டேட்டாவின் இடத்தில் வைக்கச் சொல்லும் குறிப்பு ஒன்று சுற்றுகிறது. அதில் உள்ளது புதிதாக இன்ஸ்டால் செய்தபோது வந்த ஐபிடேட்டா1, உங்களுடையது அல்ல. பழையதைத் திரும்ப வைக்க மறந்தவர்கள் மேலே சொன்ன 'இன்ஜினில் இல்லை' நிலையில்தான் மாட்டுகிறார்கள்.

இன்னோடிபி ஃபைலே கெட்டிருந்தால் லாக்கில் 'கரப்ஷன்' என்று வரும். அப்போது மை.ஐஎன்ஐயில் மைஎஸ்க்யூஎல்டி பகுதியின் கீழ் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரெக்கவரி அமைப்பை 1 என்று போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். எழவில்லை என்றால் 2, அப்புறம் 3. எழுந்தவுடன் வேறு எதையும் தொடாமல் மைஎஸ்க்யூஎல்டம்ப் (டேட்டாபேஸை எஸ்க்யூஎல் ஃபைலாக எழுதித் தரும் கருவி) கொண்டு டம்ப் எடுங்கள், அந்த டம்ப்பைப் புதிய, சுத்தமான இன்ஸ்டாலேஷனில் ஏற்றுங்கள், அங்கே இந்த அமைப்பு இருக்கக்கூடாது. 4 முதல் 6 வரை உள்ள எண்கள் டேட்டா ஃபைலை நிரந்தரமாகவே கெடுத்துவிடக்கூடியவை. அவற்றை காப்பியின் மேல்தான் முயல வேண்டும்.

எந்தப் பதிப்பு, எக்ஸாம்பா தனி இன்ஸ்டாலேஷனா, லாக்கில் முதல் எரர் வரியும் அதற்கு மேலும் கீழும் ஒரு பத்து வரிகளும் என்ன என்று கேள்வியில் சேருங்கள். பார்த்துவிட்டு எந்த ஃபைலில் கை வைக்க வேண்டும் என்று எழுதுகிறேன். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.