கிராஸ், ஷேர், நெட்: டிக்கெட் பணம் போகும் வழி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கு வசூல் என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். அதே படத்தின் தயாரிப்பாளர் நஷ்டம் என்கிறார். யார் சொல்வது பொய்?

பெரும்பாலும் இரண்டுமே உண்மைதான். போஸ்டரில் இருப்பது கிராஸ், அதாவது ஜனங்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தப் பணம். அதில் முதலில் வரி போகும், அப்புறம் தியேட்டர்காரர் தன் பங்கை எடுப்பார் (முதல் வாரம் அவருக்குக் குறைவாகவும் வாரம் போகப் போகக் கூடுதலாகவும் பேசிக்கொள்வது பல இடங்களில் வழக்கம்), மிச்சம்தான் ஷேர். அந்த ஷேரிலிருந்தும் விநியோகஸ்தர் தன் கமிஷன், விளம்பரத்துக்குப் போட்ட பணம் எல்லாவற்றையும் கழித்துக்கொண்டுதான் தயாரிப்பாளருக்குத் தருவார், அது கைக்கு வரும்போது ஃபைனான்சியர் அசலும் வட்டியும் கேட்டுக் காத்திருப்பார். வெளியில் சொல்லும் பட்ஜெட்டில் விளம்பரச் செலவு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஆக, கிராஸ் இரண்டு மடங்கு வந்தும் போட்ட பணம் திரும்பாமல் போகலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நல்ல விலைக்கு அவுட்ரைட்டாக, அதாவது உரிமையை ஒரே தொகைக்கு மொத்தமாக, விற்றுவிட்ட தயாரிப்பாளர் ரிலீஸுக்கு முன்பே லாபம் பார்த்திருப்பார், படம் படுத்தால் அடி வாங்குவது வாங்கியவர்தான். வசூல் செய்திகளில் இந்த வித்தியாசத்தை யாருமே எழுதுவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கேள்வி: முதல் காட்சிக்கு வந்து உட்கார்ந்த பிறகு "கீ வரவில்லை" என்று ஷோவை ரத்து செய்தார்கள். கீ என்றால் என்ன?

இப்போது படம் டிசிபி என்ற டிஜிட்டல் வடிவில் பூட்டப்பட்டு வருகிறது, ஹார்டு டிஸ்கிலோ சாட்டிலைட் வழியாகவோ. தியேட்டர் சர்வரில் முன்கூட்டியே ஏற்றிவிடுவார்கள். பட்டியலில் படத்தின் பெயர் தெரியும், ஆனால் பிளே கொடுத்தால் ஓடாது. அதைத் திறக்க கேடிஎம் என்ற சின்ன ஃபைல் தனியாக வரவேண்டும். ஒரு குறிப்பிட்ட படத்தை, ஒரு குறிப்பிட்ட சர்வரில், எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எதுவரை ஓட்டலாம் என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கும். பக்கத்துத் திரைக்கு வந்த கீ உங்கள் திரையில் வேலை செய்யாது, சர்வரை மாற்றினாலும் புது கீ வாங்க வேண்டும். அதனால் ஷோ நிற்க வெறும் தொழில்நுட்பக் கோளாறும் காரணமாக இருக்கலாம். ஆனால் பணத் தகராறில் பாக்கி வரவேண்டியவர்கள் கையில் இருக்கும் பெரிய பிடியும் இதுவேதான், பாக்கி தீராமல் கீயை விடமாட்டார்கள். ஃபிலிம் காலத்தில் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே வராமல் தடுத்ததுபோலத்தான். இதில் பாவம், காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு யாரும் விஷயத்தைச் சொல்வதில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: படம் எடுக்கும் கம்பெனியே தியேட்டரும் வைத்துக்கொள்ளலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்கள் சொந்தத் தியேட்டர் சங்கிலிகளை வைத்துக்கொண்டு, ஒரு நல்ல படம் வேண்டுமென்றால் இந்த நான்கையும் சேர்த்து எடு என்று மற்ற தியேட்டர்காரர்களை நெருக்கின. 1948-ல் உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் உள்ளிட்ட ஸ்டுடியோக்கள் மீதான வழக்கில் அவற்றுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, அதன்பின் ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைக் கைகழுவ வேண்டிவந்தது. அந்தக் கட்டுப்பாடுகளை 2020-ல் நீக்க உத்தரவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: என் கதையைக் கேட்கிறார்கள். கைப்பணம் கொஞ்சம்தான், லாபத்தில் பங்கு தருகிறோம் என்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

எந்த லாபம் என்று முதலில் கேளுங்கள். 'கமிங் டு அமெரிக்கா' 1988-ல் வந்து உலகம் முழுக்க 28 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்தது, ஆனால் அதன் மூலக் கருவுக்காக வழக்குப் போட்ட ஆர்ட் புக்வால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரிடம் பாரமவுண்ட் நிறுவனம் நெட் லாபமே, அதாவது எல்லாச் செலவும் போக மிஞ்சும் லாபமே, இல்லை என்று கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கு முறையே நியாயமற்றது என்று 1990-ல் நீதிமன்றம் சொன்னது. கமிஷன், வட்டி, நிர்வாகச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் நெட் என்பது கடைசிவரை வராமலே போகலாம். பேரம் பேசும் பலம் இருப்பவர்கள் அதனால்தான் கிராஸில் பங்கு கேட்கிறார்கள். புதியவருக்கு அது கிடைப்பது கஷ்டம், ஆகவே கைப்பணத்தைக் கூட்டிக் கேளுங்கள், கடைசித் தவணை ரிலீஸுக்கு முன்பே வரவேண்டும் என்று அக்ரிமென்ட்டில் எழுதி வாங்குங்கள், ரீமேக்குக்கும் இரண்டாம் பாகத்துக்கும் தனித் தொகை கேளுங்கள்.

ஓடிடிக்கென்றால் இன்னும் கவனம் வேண்டும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதே அவர்கள் சொன்னால்தான் தெரியும். அமெரிக்க எழுத்தாளர்கள் 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்தப் பார்வைக் கணக்கைக் காட்ட வேண்டும் என்பதும் ஒரு பெரிய கோரிக்கை. ஓடிடிக்கென்றே பெரிய பட்ஜெட்டில் எடுத்த படைப்பை முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமான அளவில் பார்த்திருந்தால் போனஸ் என்று போராடி வாங்கினார்கள். உங்களுக்குப் பின்னால் அப்படி ஒரு சங்கம் நிற்கவில்லையென்றால், கையெழுத்துப் போடும் முன் சினிமா ஒப்பந்தங்கள் தெரிந்த ஒரு வக்கீலிடம் அந்தத் தாள்களைக் காட்டிவிடுங்கள்.